பழைய வண்டி வழியில் நின்றால்... குற்றம் எங்கே?



அதிராம்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரம். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வழியாகச் செல்ல வேண்டும். நள்ளிரவில் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்கு உடல்நலம் குன்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுத் தலைவர் சபுரில் இருக்கிறார். வாசலில் வாப்பா காலத்து அம்பாசிடர் கார் நிற்கிறது. மகன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். வண்டியும் புறப்பட்டு விடுகிறது. ஒரத்தநாட்டை நெருங்குகையில் இரண்டு முறை இருமுகிறது. மூன்றாம் முறை நின்றே போய்விடுகிறது. இருபுறமும் வயல்கள். எங்கும் இருள். பின் இருக்கையில் உம்மாவின் கையைப் பற்றியபடி மருமகள் அமர்ந்திருக்கிறாள்.

இத்தகைய வேளையில் முதல் வேலை 108-ஐ அழைப்பதுதான். அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் மறுநாள் காலையில் நடப்பதைப் பற்றியே இங்கு உங்களுடன் பேச விரும்புகிறோம். வண்டி பட்டறைக்கு இழுத்துச் செல்லப்படுகிறது. "கார்பரேட்டர் போச்சும்மா, பம்பும் போச்சு, எதுக்கும் இஞ்சினை இறக்கிப் பார்த்திடலாம்" என்று பதில் வருகிறது. விவரம் தெரியாத வீட்டார் தலையசைக்கிறார்கள். சபுராளி வியர்வை சிந்தி அனுப்பிய பணத்தில் ஒரு பகுதி கரைகிறது. பத்து நாள் கழித்து வண்டி மீண்டும் அதே போல் நிற்கிறது. ஏனெனில் கோளாறு இஞ்சினில் இருக்கவில்லை. பெட்ரோல் டேங்க் மூடியிலிருந்த, குண்டூசி முனை அளவேயான துவாரம் அடைபட்டிருந்தது!

இது மிகையன்று. பழைய வண்டி நின்று போவதற்கான காரணங்களில் அழுக்கு, நீர், காற்றுக் கசிவு, இற்றுப்போன ரப்பர் குழாய் ஆகிய எளிய காரணங்கள் பல உண்டு. அவற்றை முறையாகத் தேடத் தெரிந்தால் பொருளும் மிஞ்சும், ஆபத்தும் தவிரும். பட்டறை வேலையை நீங்களே செய்ய வேண்டும் என்று நாம் கூறவில்லை. பட்டறைக்காரரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்பதை வீட்டிலுள்ள ஆணும் பெண்ணும் அறிந்திருக்க வேண்டும் என்பதே நம் நோக்கம்.

கடைமடை கற்றுத் தரும் பாடம்

நாம் காவிரிப் படுகையில் வாழ்பவர்கள். மேட்டூர் அணை திறக்கப்பட்டுத் தண்ணீர் கல்லணைக்கு வருகிறது. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக ஓடிக் கடைமடை வயலை அடைகிறது. கடைமடையில் தண்ணீர் வரவில்லையென்றால் விவசாயி வயலையா வெட்டிப் பார்க்கிறார்? இல்லை. வாய்க்கால் கரையோடு மேல் நோக்கி நடக்கிறார். எந்த மதகு அடைபட்டது, எங்கே கரை உடைந்தது, எவ்விடத்தில் ஆகாயத்தாமரை மண்டியது என்று படிப்படியாகப் பார்த்துச் செல்கிறார்.

வண்டிக்கும் இதே முறைதான். டேங்க் என்பது மேட்டூர். குழாயும் பில்டரும் வாய்க்கால். பம்ப் நீரைத் தள்ளிவிடும் இடம். கார்பரேட்டர் என்பது அளந்து விடும் மதகு. இஞ்சினின் சிலிண்டரே கடைமடை வயல். வயலைக் குறை கூறுமுன் வாய்க்காலைப் பாருங்கள். இக்கட்டுரையின் சாரம் இந்த ஒரு வரியே.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்திலுள்ள உத்தர்பாரா ஆலையில் 1957 முதல் அம்பாசிடர் தயாரிக்கப்பட்டு வந்தது. 2014 மே மாதத்தில் அதன் உற்பத்தி நின்றது. நெடுங்காலம் அதற்கு உயிராக இருந்தது 1489 சி.சி. கொள்ளளவுள்ள இஞ்சின். அவ்வண்டியில் கணினி இல்லை, உணர்கருவிகள் இல்லை. குற்றம் எங்கே என்று அது தானாகச் சொல்லாது. ஆனால் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, மூக்கால் நுகர்ந்து அறியக்கூடிய வண்டி அது. பிரீமியர் பத்மினி முதலிய கார்பரேட்டர் வண்டிகள் யாவற்றுக்கும் இது பொருந்தும்.

முதலில் எச்சரிக்கை

பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது, தரையோடு பரவும், சிறு பொறியிலும் தீப்பற்றும். ஆகவே சோதனைகளைத் திறந்த வெளியில், இஞ்சின் ஆறிய பிறகே செய்ய வேண்டும். பக்கத்தில் அடுப்போ, பீடி சிகரெட்டோ, எரியும் விளக்கோ இருக்கலாகாது. குழந்தைகளை அப்புறப்படுத்துங்கள். மணல் வாளி ஒன்று அருகில் இருக்கட்டும்.

வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. அது மிகவும் கொடிது. சில துளிகள் மூச்சுக்குழாய்க்குள் சென்றாலும் நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்படும். தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்வது அதைவிடத் தவறு. வெளியேறும் பெட்ரோல் நுரையீரலுக்குள் புகுந்துவிடும். தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

எரிபொருளா, தீப்பொறியா?

பெட்ரோல் இஞ்சின் ஓட நான்கு பொருத்தங்கள் வேண்டும். எரிபொருள், காற்று, உரிய நேரத்தில் தீப்பொறி, சிலிண்டருக்குள் நல்ல அழுத்தம். இவற்றுள் எது தவறியது என்று பிரித்தறியாமல் உதிரிப் பாகங்களை மாற்றுவது, நோயறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

பிரித்தறியும் எளிய வழி ஸ்பார்க் பிளக்கில் இருக்கிறது. செல்பை சில விநாடிகள் சுற்றியும் வண்டி கிளம்பாவிட்டால், பிளக் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். முனை உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை என்று பொருள். பெட்ரோல் நெடியுடன் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது. தீப்பொறியில் குறை இருக்கலாம், அல்லது எரிபொருள் அளவுக்கு மீறி வந்து மூழ்கடித்திருக்கலாம்.

ஓடும் வண்டியின் பிளக் நிறமும் செய்தி சொல்லும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் கலவை சரியாக உள்ளது. கரிப்பொடி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெண்மையாக வெளிறியிருந்தால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். புகைச் சோதனை நிலையத்தில் தரும் சான்றிதழிலுள்ள கார்பன் மோனாக்சைடு அளவையும் கவனியுங்கள். அது ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போனால் கலவையில் பெட்ரோல் மிகுந்து வருகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். பலர் அந்தத் தாளைப் படிக்காமலே மடித்து வைத்துவிடுகிறார்கள்!

டேங்கும் அதன் மூடியும்

பிளக் உலர்ந்திருக்கிறதா? மேட்டூரிலிருந்தே தொடங்குவோம்.

டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியேற வெளியேற, அவ்விடத்தை நிரப்பக் காற்று உள்ளே செல்ல வேண்டும். இதற்காகப் பழைய வண்டிகளில் மூடியிலோ, தனியானதொரு சிறு குழாயிலோ துவாரம் இருக்கும். தூசியாலும் துருவாலும் அது அடைபட்டால் டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலைப் பின்னோக்கி இழுத்துப் பிடிக்கும். இதன் அடையாளம் தெளிவானது. வண்டி சில கிலோமீட்டர் நன்றாக ஓடும். பிறகு மூச்சு முட்டியதுபோல் நிற்கும். சிறிது நேரம் கழித்துத் தானே புறப்படும். நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கப்படும் ஒலி கேட்டு, அதன்பின் வண்டி புறப்பட்டால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். துவாரத்தைச் சுத்தம் செய்தால் போதும். செலவு ஏதுமில்லை.

அடுத்தது நீரும் துருவும். நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் காற்றில் ஈரம் மிகுதி. பாதி காலியாக நிற்கும் டேங்கின் உட்சுவரில் இரவில் நீர் முத்துமுத்தாகப் படியும். நீர் பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். டேங்கின் அடித்திருகைத் திறந்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் சிறிதளவு பிடித்து, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஓர் அடுக்குத் தெரிந்தால் நீர் புகுந்திருக்கிறது. செந்நிறப் பொடி படிந்தால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது. துருப்பிடித்த டேங்கை வைத்துக்கொண்டு பில்டரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பம்ப் வேலை செய்கிறதா?

பழைய கார்கள் பலவற்றில் இஞ்சினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்ட பம்ப் இருக்கும். இஞ்சின் சுழலும்போது ஒரு நெம்புகோல் அசைந்து, டயாப்ரம் எனப்படும் மெல்லிய சவ்வை மேலும் கீழும் இழுக்கும். இதைச் சோதிக்க, தீப்பொறி எழாதவாறு இக்னிஷன் காயிலின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டருக்கு வரும் குழாயை எடுத்து ஒரு பாட்டிலுக்குள் விட வேண்டும். ஒருவர் செல்பைச் சுற்ற, மற்றவர் கவனிக்க வேண்டும். துடிப்புத் துடிப்பாக, வலுவுடன் பெட்ரோல் பாய்ந்தால் பம்ப் நலம். குற்றம் கார்பரேட்டரில் இருக்கலாம். குமிழிகள் கலந்து வந்தால் டேங்குக்கும் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் வெடிப்பு விழுந்து காற்றை இழுக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் பில்டர் அடைப்பு, அல்லது டயாப்ரம் கிழிசல்.

இங்கே ஒரு நுட்பத்தை நினைவில் வையுங்கள். உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாமலும் இருக்கலாம். காற்று மட்டும் உள்ளே போகும். "ஒழுகலே இல்லையே, குழாய் நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஏமாந்துவிடக் கூடாது. குழாயை வளைத்துப் பார்த்தால் நுண்ணிய கோடுகள் தெரியும்.

டயாப்ரம் கிழிந்தால் பெட்ரோல் இஞ்சின் ஆயிலோடு கலக்கக்கூடும். ஆயில் குச்சியை எடுத்து நுகர்ந்து பாருங்கள். பெட்ரோல் நெடி வீசி, ஆயில் அளவும் ஏறியிருந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். சிறு செலவில் முடிய வேண்டியது இஞ்சின் பழுதில் முடியும்.

கத்திரி வெயிலின் குறும்பு

சித்திரை, வைகாசியில் மட்டும் வண்டி நிற்கிறதா? கும்பகோணம் கடைத்தெரு நெரிசலில் நின்று நின்று சென்றபின் அணைந்து போகிறதா? அது ஆவி அடைப்பாக இருக்கலாம். வெப்பத்தால் குழாயிலும் பம்பிலும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிட, ஆவியை இழுக்க இயலாமல் பம்ப் திணறும். பானட்டைத் திறந்து வைத்து, பம்பின் மீதும் குழாயின் மீதும் ஈரத்துணியைப் போர்த்திக் காத்திருந்தால் வண்டி மீண்டும் புறப்படும். புகைக்குழாய்க்கு அருகில் செல்லும் பெட்ரோல் குழாயை விலக்கிப் பொருத்துவதும், ரேடியேட்டரைச் செம்மையாக வைத்திருப்பதும் நிலையான தீர்வுகள்.

மூடித் துவாரம் அடைபட்டாலும், ஆவி அடைப்பு நேர்ந்தாலும் வண்டி "நின்று, ஆறி, புறப்படும்". இரண்டையும் வேறுபடுத்துவது மூடியைத் திறக்கும் அந்த ஒரு சோதனைதான். அதனால்தான் செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள் என்கிறோம்.

அளந்து விடும் மதகு

பெட்ரோல் கார்பரேட்டர் வரை நன்றாக வருகிறது. ஆயினும் வண்டி சரியில்லை. அப்போதுதான் கார்பரேட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

சோக்கை இழுத்தால் மட்டும் வண்டி ஓடுகிறதென்றால் பெட்ரோல் போதாமல் இருக்கிறது. ஜெட் எனப்படும் நுண்துளையில் அடைப்போ, கார்பரேட்டருக்குக் கீழுள்ள கேஸ்கெட் வழியாகக் காற்றுக் கசிவோ இருக்கலாம். வேகத்தில் நன்றாக ஓடி, நிற்கும்போது மட்டும் அணைந்தால் ஐடிலிங் வழியில் அடைப்பு. கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டி, கரும்புகை வந்தால் மிதவையின் ஊசி வால்வு மூடவில்லை, அல்லது மிதவை ஓட்டையாகிவிட்டது. கரும்புகைக்கு ஏர் கிளீனர் அடைப்பும் காரணமாகலாம்; கார்பரேட்டரைக் கழற்றுமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.

பழைய அம்பாசிடர்களில் காணப்படும் எஸ்.யு. வகைக் கார்பரேட்டரின் உச்சியில் ஒரு சிறு ஆயில் கிண்ணம் உண்டு. அதில் ஆயில் வற்றிப்போனால் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது வண்டி தயங்கும். சில துளி ஆயிலில் தீரக்கூடிய இக்குறைக்காகக் கார்பரேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

ஜெட்டைச் சுத்தம் செய்யக் கம்பியைச் செலுத்த விடாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் கலவை நிரந்தரமாகக் கெடும். அழுத்தக் காற்றும் உரிய திரவமும் போதும்.

இன்றைய பெட்ரோலும் அன்றைய வண்டியும்

நம் முன்னோர் நிரப்பிய பெட்ரோல் வேறு. இன்று நாம் நிரப்பும் பெட்ரோல் வேறு. கரும்புக் கழிவுப்பாகு, மக்காச்சோளம், நொய்யரிசி முதலியவற்றிலிருந்து வடிக்கப்படும் எத்தனால் இப்போது பெட்ரோலில் கலக்கப்படுகிறது. இந்திய உணவுக் கழகத்திலுள்ள உபரி அரிசியையும் இதற்குப் பயன்படுத்த 2020இல் அனுமதி அளிக்கப்பட்டது. நெல் விளைவிக்கும் நமக்கு இது அயலான செய்தியன்று. 10 விழுக்காடு கலப்பு 2022 ஜூன் மாதத்தில் எட்டப்பட்டது. 20 விழுக்காடு கலந்த "இ-20" பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று தொடங்கி வைக்கப்பட்டு, 2025இல் நாடெங்கும் பரவியது. கலக்காத பெட்ரோலையும் வாங்கும் வாய்ப்புக் கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது.

வண்டிக்கு இதனால் என்ன? முதலாவது, எத்தனால் நீரை ஈர்க்கும். சிறிதளவு நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். நீர் ஓர் எல்லையைக் கடந்துவிட்டால், எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டி கிளம்ப மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாட்டில் சோதனையில் அடியில் தெரியும் அடுக்கு இவ்வாறு பிரிந்ததாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, பழைய ரப்பர் குழாய், டயாப்ரம், கேஸ்கெட் ஆகியவை எத்தனாலைத் தாங்குமாறு செய்யப்பட்டவையல்ல. சில உப்பும், சில இறுகி வெடிக்கும். நெடுநாள் ஓடியபின் சில பழைய வாகனங்களில் இவற்றை மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய அரசே 2025இல் கூறியது. 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓட்டத்தை அதற்கு உதாரணமாகக் காட்டியது. ஆகவே குழாய் மாற்றும்போது "எத்தனால் தாங்கும் ரப்பர்" என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணக் குழாய்க்கும் அதற்கும் விலையில் உள்ள வேறுபாடு, வண்டி தீப்பிடித்தால் நேரும் இழப்பின் முன் ஒன்றுமே இல்லை.

மூன்றாவது, எத்தனாலில் ஆக்சிஜன் உள்ளது. வெப்ப ஆற்றல் குறைவு. புதிய வண்டிகளில் உணர்கருவி இதைக் கண்டு அளவைத் திருத்திக்கொள்ளும். கார்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. கலவை காற்று மிகுந்ததாகிவிடும். மெக்கானிக் கையால் திருத்தியமைக்க வேண்டும். எத்தனால் கலவாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 விழுக்காட்டுக் கலப்புக்கு ஏற்பச் சீர்செய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் இ-20 ஊற்றினால் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. அந்த அளவு குறைந்தால் அது நோயன்று. அதற்கு மேல் குறைந்தால்தான் கோளாறைத் தேட வேண்டும்.

பங்கில் கலப்படம் என்று ஐயம் எழுந்தால் வாய்ச்சண்டை வேண்டாம். அங்கேயே வடிதாள் கேட்டு, ஒரு துளி பெட்ரோல் விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் கறையின்றி ஆவியாக வேண்டும். எண்ணெய்க் கறை தங்கினால் ஐயத்துக்கு இடமுண்டு. அளவில் ஐயமிருந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். இவை வாடிக்கையாளரின் உரிமைகள்.

வயலில் நிற்கும் டீசல் வண்டி

குறுவை அறுவடையின்போது வானம் இருண்டு வருகிறது. நெல் ஏற்றிய டிராக்டர் நடுவயலில் நின்றுவிட்டது. இதைவிடப் பெரிய தவிப்பு விவசாயிக்கு ஏது?

டீசல் இஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. ஆனால் குழாயில் காற்று புகுந்தால் அது அசையாது. டீசல் முற்றும் தீர்ந்து நின்ற வண்டியிலும், பில்டர் மாற்றிய வண்டியிலும் ஏர் லாக் ஏற்படும். டேங்கை நிரப்பியபின், பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரையும் குமிழியும் வரும். குமிழியற்ற டீசல் வரும்போது திருகை இறுக்கிவிட வேண்டும். பிறகு, மைக்கோ பம்ப் என்று நம்மவர் அழைக்கும் இன்ஜெக்ஷன் பம்பிலும் இவ்வாறே செய்ய வேண்டும். ஏர் எடுத்த பின்னும் மறுநாள் இதே தொல்லை நேர்ந்தால் எங்கோ இணைப்பில் காற்றுக் கசிகிறது என்று அறிக.

புகையின் நிறமும் வழிகாட்டும். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது நாசில் சரியாகத் தூவவில்லை. வெண்புகை என்றால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. நீலப்புகை என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது. அது எரிபொருள் குற்றமன்று.

நாசிலிலிருந்து பீறிடும் டீசலின் முன் கையை நீட்டவே கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் ஊசி குத்தியது போலத் தோன்றினாலும் விரலையே இழக்க நேரிடும்; உடனே அறுவை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பீப்பாயில் வாங்கி வைக்கும் டீசலை ஒரு நாளாவது அசையாமல் தெளியவிட்டு, மேலாக எடுத்து, வடிகட்டி ஊற்றுங்கள். மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வைத்தால் இரவில் நீர் படிவது குறையும்.

சபுராளி வீட்டு வண்டிக்கு

பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே எடுக்கப்படும் வண்டிகள் நம் ஊர்களில் நிறைய. பழைய பெட்ரோலின் இலகுவான பகுதி ஆவியாகி, எஞ்சியது பிசினாகி, ஜெட்டை அடைத்துவிடும். எனவே பதினைந்து நாளைக்கு ஒருமுறையாவது வண்டியைச் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். வாசலில் இரண்டு நிமிடம் உறுமவிட்டு அணைப்பது போதாது. பல மாதங்கள் நிறுத்துவதாயின் டேங்கையும் கார்பரேட்டரையும் காலி செய்துவிடுவது நலம். வீட்டில் பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்திருப்போருக்கும் இதையே கூறுகிறோம். 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலுக்குப் பின் மின்சாரமின்றி நம் பகுதி பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

வண்டியில் ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். எத்தனை லிட்டர் நிரப்பினோம், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, பில்டரும் குழாயும் எப்போது மாற்றப்பட்டன என்று எழுதி வாருங்கள். வண்டி நின்றால் இந்த ஐந்து கேள்விகளுக்கான விடையையும் அதில் குறியுங்கள். எவ்வளவு தூரம் ஓடியபின் நின்றது? சூடான பிறகா, குளிர்ந்த நிலையிலா? திடீரென நின்றதா, இருமி இருமி நின்றதா? டேங்க் மூடியைத் திறந்தபின் புறப்பட்டதா? கடைசியாக எப்போது பெட்ரோல் நிரப்பப்பட்டது?

பட்டறையில் இக்குறிப்பைக் காட்டி, "பம்பிலிருந்து பெட்ரோல் வருகிறதா என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி, எதை மாற்றினாலும் பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று மென்மையாகக் கேளுங்கள். நேர்மையான மெக்கானிக் இதனால் வருந்தமாட்டார், மகிழவே செய்வார். நோயாளி தன் நோயைத் தெளிவாகச் சொன்னால் மருத்துவருக்கு எளிதல்லவா? ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யச் சொல்லுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் நோய் எதனால் தீர்ந்தது என்று அவருக்கும் தெரியாது; உங்களுக்கும் தெரியாது.

இவ்வாரமே ஓய்வாக இருக்கும் ஒரு காலைப் பொழுதில் வீட்டு வண்டியின் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். பானட்டைத் தூக்கி ரப்பர் குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். மகனை மட்டுமன்றி மகளையும் அருகில் நிறுத்திக் காட்டுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்த அரை மணி நேரக் கவனம், ஒரத்தநாட்டுச் சாலையில் ஓர் இரவு முழுவதும் தவிப்பதிலிருந்து உங்கள் குடும்பத்தைக் காக்கக்கூடும்.